கிரேக்கப் புராணப் பெண்களை இப்போ கவிஞர்கள் திரும்ப எழுதறது, பழைய கதைக்குள்ள இன்னைக்குக் கருத்தை வலிஞ்சு திணிக்கிற வேலைதானே?

நீங்க லிட்ரேச்சர் ஸ்டூடன்ட்டா இருக்கணும்னு நினைக்கிறேன், யாரோ கிளாஸ்ல இப்படிச் சொல்லியிருப்பாங்க. எனக்கும் சொன்னாங்க, அதனாலதான் இந்தப் பதில்.

முதல்ல யூரிடிஸி கதையையே பாருங்க. பாம்பு கடிச்சு சாகறா, அவ புருஷன், பாடகன் ஆர்ஃபியஸ், பாதாளம் வரைக்கும் போய் பாடி அவளை மீட்டுக் கூட்டிட்டு வர்றான், வெளிய வந்து சேர்ற வரைக்கும் அவளைத் திரும்பிப் பாக்கக் கூடாதுங்கறது நிபந்தனை, ஆனா வெளிய வர்ற நேரத்துல திரும்பிப் பாத்துடறான், அவ ரெண்டாவது தடவ சாகறா. இவ்வளவு நடந்தும் ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதினதுல அவ பேசறது "போறேன்"ங்கிற ஒரே வார்த்தைதான், அதுவும் அவன் காதுல சரியா விழல. அமெரிக்கக் கவிஞர் எச்.டி. (ஹில்டா டூலிட்டில்) 1917ல அவளைப் பேச வச்சாங்க, ஏன் திரும்பின, உன் ஆணவத்தாலதான் எனக்கு வெளிச்சம் போச்சுன்னு கோவப்படறா. 1999ல பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபி எழுதின யூரிடிஸிக்குத் திரும்பி வரவே இஷ்டமில்ல, உன் கவிதை பிரமாதம், இன்னொரு தடவ கேக்கணும்னு புகழ்ந்தே அவனைத் திரும்ப வைக்கறா. ஒரே கருத்தைத் திணிக்கறதா இருந்தா ரெண்டு பேரும் இப்படி நேர் எதிரா எழுதியிருப்பாங்களா?

இப்போ என் கதை. எம்.ஏ. ரெண்டாம் வருஷம் செமினாருக்கு நான் பெனலப்பியை எடுத்தேன். ட்ராய் போருக்குப் போன புருஷன் ஒடிஸியஸுக்காகக் காத்திருக்கறவ அவ, வேற கல்யாணத்தைத் தள்ளிப் போடறதுக்காகப் பகல்ல நெய்யற துணியை ராத்திரி பிரிச்சுடுவா. ஹோமரோட ஒடிஸி காப்பியத்துல முதல் காண்டத்துலயே ஒரு இடம் வரும், ட்ராய்லேந்து திரும்பினவங்க பட்ட பாட்டை ஒரு பாடகன் பாடறான், தாங்க முடியாம அழுதுகிட்டே அவ இறங்கி வந்து வேற பாட்டு பாடுன்னு சொல்றா, உடனே பெத்த மகன் டெலமாக்கஸ் "உள்ள போய் உன் தறியைப் பாரு, பேச்செல்லாம் ஆம்பளைங்க வேலை"ன்னு அனுப்பிடறான். இதைச் சொல்லிட்டு அமெரிக்கக் கவிஞர் எட்னா மிலே அவளைப் பத்தி எழுதின கவிதையைப் படிச்சேன். அவங்க இறந்தப்புறம் 1954ல வந்த தொகுப்புல இருக்கு. அதுல ஒரு பொண்ணு ஏப்ரன் முனையில கண்ணைத் துடைச்சுகிட்டே, பெனலப்பியும் இதைத்தான் செஞ்சான்னு நினைக்கிறா: பகல் முழுக்க நெய்யறது, ராத்திரி முழுக்கப் பிரிக்கிறது, கழுத்து இறுகிப் போகுது, புருஷன் எங்க இருக்கான்னு தெரியல, அப்படியே அழுகை வந்துடுது. யுலிஸஸும், அதாவது ஒடிஸியஸும், அதே மாதிரி துடைச்சிருக்கான், ஆனா கூட்டத்துக்கு முன்னாடி காட்டறதுக்காக. அதை அவன் கத்துகிட்டது நிஜமாவே அழுத பெனலப்பி கிட்டேந்து.

படிச்சு முடிச்சதும் கைடு சொன்னது, "காப்பியத்துல ஹீரோ ஒடிஸியஸ், நீ சமையல்கட்டுலேந்து பாக்கற". இன்டர்னல்ல 25க்கு 11. உடனே ஹோமரை வெறுக்கறவன்னு கமென்ட் போட வராதீங்க, ஒடிஸியை நான் மூணு தடவ படிச்சவ.

அப்பா 11 வருஷம் மஸ்கட்ல இருந்தார். மாசத்துக்கு ரெண்டு போன். அம்மா பகல்ல வீட்டு வேலை, ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிளவுஸ் தைப்பாங்க. முந்தானை முனையில கண்ணைத் துடைச்சுகிட்டு "நூல் தூசிடீ"ன்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல நானும் நம்பிட்டேன்.

மார்க் வந்த அன்னைக்கு ராத்திரி அந்தக் கவிதையை அம்மாவுக்குத் தமிழ்ல சொன்னேன். மிஷினை நிறுத்திட்டு கேட்டாங்க. பெனலப்பி நெய்தது மாமனாருக்கான சவத்துணின்னதும் "மாமனாருக்கா"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்புறம் பின்கழுத்தைப் பிடிச்சுகிட்டே, "அந்தக் கழுத்து வலி சொன்னல்ல, அதை இன்னொருக்கா படி"ன்னாங்க.