மழை பாதி, மனிதர் பாதி: புவியியல் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

வணக்கம் அம்மா. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்த மகள், வறள்நில ஆற்றுப்படுகைகளில் தாவரம் மாறுவதைப் பற்றிப் படிக்க நிற்கிறாள், மரம் எண்ணுகிற படிப்புக்கு ஆர் சம்பளம் தருவினம் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் மரம் எண்ணுவதல்ல இந்தப் படிப்பு. ஓரிடத்தில் பச்சை கூடினால் அல்லது குறைந்தால், அதில் மழையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது.

சீனாவின் தாரிம் ஆற்றில் 1972 இல் ஒரு நீர்த்தேக்கம் கட்டியபின், அதற்குக் கீழே 300 கிலோமீற்றருக்கு மேல் ஆறு வறண்டது. நிலத்தடி நீர் இறங்கியது. கரையோரப் பொப்லர் மரங்கள் பட்டுப்போயின. 2000 இல் தண்ணீர் திறந்துவிடத் தொடங்கியதும் கரையை அண்டி நின்றவை துளிர்த்தன. மழையே அரிதான இடம் என்பதால் அங்கே காரணம் தெளிவு.

வன்னியில் அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 1000 மி.மீ. தாண்டிப் பெய்கிறது, ஆனால் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். மழை போனபின் குளத்து நீர் சிறுபோகத்தைப் பச்சையாக வைத்திருக்கும். யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்தபோது வயல்களில் பற்றை மண்டியது; செய்மதிப் படத்தில் அது 'பச்சை கூடியது' என்றே தெரியும். மீள்குடியேறித் துப்புரவாக்கியதும் 'பச்சை குறைந்தது'. ஊர் தெரியாதவர் இதைக் காடு வளர்ந்து அழிந்த கதையாக எழுதிவிடுவார். உங்கள் பிள்ளை எழுதமாட்டாள். அவளுடைய பலம் அதுதான்.

பச்சையை எண்ணாக்கும் கணக்கும் எட்டாததல்ல. செழித்த இலை அகச்சிவப்பு ஒளியில் 0.40 பங்கையும் சிவப்பில் 0.10 பங்கையும் திருப்பியனுப்புகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.30, அதைக் கூட்டுத்தொகை 0.50 ஆல் வகுத்தால் 0.6. காய்ந்த மண்ணுக்கு 0.25, 0.20 என்றால் விடை 0.11. இந்தப் பச்சைச் சுட்டியை ஆண்டு ஆண்டாக மழையோடு வரைந்து, நடுவே ஒரு கோடு போடவேண்டும். கோட்டுக்கு மேலும் கீழும் மிஞ்சுவது மழையால் விளங்காத பகுதி. அதில்தான் மனிதரின் கையைத் தேடவேண்டும். மிஞ்சியது முழுவதையும் மனிதர் தலையில் போடவும் கூடாது. காட்டுத்தீயும் பூச்சியும் அதற்குள் இருக்கும்.

மாணவர்கள் சறுக்குகிற இடம் மாதத் தேர்வு. ஓராண்டின் பெப்ரவரியை இன்னோர் ஆண்டின் ஓகஸ்டோடு ஒப்பிட்டால் எல்லாம் பிழையாகும். நவம்பர், டிசம்பரில் முகில் மறைக்கும். ஜனவரியில் நெல்லும் காடும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். செப்டெம்பர் கடைசியில் வயல் வெறுமையாகக் கிடக்க, காட்டிலே பாலை, வீரை மரங்கள் பச்சையாக நிற்கும்; இரண்டையும் பிரித்தறிய அதுதான் நல்ல நேரம். லாண்ட்சாட்-7 செய்மதியின் படங்களில் 2003 மே மாதத்தின் பின் கோடு கோடாக இடைவெளி விழும்; அதைத் தாவர இழப்பென்று எண்ணக்கூடாது.

படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் இருக்கிறது, நான்கு ஆண்டுகள். கிளிநொச்சி அறிவியல் நகரின் விவசாய பீடம் கலைப்பிரிவுக்குச் சரிவராது. அதில் மனதை வைக்கவேண்டாம். புள்ளிவிபரவியலைக் கடினம் என்று தள்ளிவிட்டால் பட்டம் வரும், வேலை வராது.

நீர்ப்பாசனம், வனவளம், நில அளவை ஆகிய திணைக்களங்களுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் வரைபடம் செய்யத் தெரிந்தவர்கள் தேவை. ஆனால் அரச பதவி வர்த்தமானி, போட்டிப் பரீட்சை என்று காத்திருந்து வருவது; பட்டம் முடித்த அடுத்த மாதமே வேலை என்று நான் வாக்குத் தரமாட்டேன். இடையில் ஒப்பந்த வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் பெறுபேற்றுத் தாளோடு அவள் செய்த வரைபடங்களையும் கேட்பார்கள்.

ஆகவே உயர்தரப் பரீட்சை முடிந்த விடுமுறையிலேயே தொடங்கட்டும். வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி போதும். வீட்டுக்குக் கிட்ட உள்ள குளத்தை எடுத்து, அதன் செப்டெம்பர் படங்களைப் பத்து ஆண்டுகளுக்குச் சேர்க்கட்டும். 2015 இல் ஏவிய சென்டினல்-2 செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீற்றர்; அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு 30 மீற்றர் லாண்ட்சாட். எந்த வயல் எந்த ஆண்டு பற்றை மண்டிக் கிடந்தது, எப்போது திரும்ப விதைத்தார்கள் என்பதை நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லி எழுத வையுங்கள். அந்தக் குறிப்பு எந்தச் செய்மதியிலும் கிடைக்காது.