நெடுந்தீவு சனசமூக நிலைய சோலார்: ஆளைப் பழக்குவதா, பற்றரி வாங்குவதா?

வணக்கம். பற்றரி இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது, திருத்த குறிகட்டுவானிலிருந்து படகேறித்தான் ஆள் வரவேண்டும், புதிதாக வாங்குவதா பெடியளைப் பழக்குவதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஆளைப் பழக்குங்கள். இல்லாவிட்டால் புதிய பற்றரிக்கும் இதே கதிதான்.

என் எண்ணத்தில், பழக்கும் ஆட்களில் படகு இயந்திரம் திருத்தும் ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர் ஒன்று வாங்குங்கள். பனலையும் பாவனையையும் நிறுத்தி, சில மணிநேரம் விட்டு, 12 வோல்ற் ஈய-அமில பற்றரியை அளக்கப் பழக்குங்கள். 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. அடிக்கடி அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். மூடி திறக்கும் வகை என்றால் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். முனையில் அரிப்புப் பூ பூத்திருந்தால், எதிர்முனை (−) வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, காய்ந்ததும் இறுக்கி வாசலின் பூசுங்கள்.

அப்புறம், பாவனைக்கு ஒரு வரம்பு வேண்டும். ஸ்கொட்லாந்தின் எக் (Eigg) தீவில் 2008 முதல் நீர், காற்று, சூரியன் மூன்றிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் இல்லை. பராமரிப்பதும் பயிற்சி பெற்ற தீவுவாசிகளே. உங்கள் நிலையத்தில் கேத்தலையும் அயன்பொக்ஸையும் இன்றே நிறுத்துங்கள். இன்வேர்ட்டர் எத்தனை வாற்று, பற்றரி எத்தனை ஏ.எச். (அம்பியர்-மணி, அதன் கொள்ளளவு) என்று எழுதுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.