வாசகர் கேள்வி: பேரரசரின் ஓய்வும் அரியணை உரிமையும்

கேள்வி: ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ முதுமையில் பதவி விலகத் தனிச் சட்டம் தேவைப்பட்டது ஏன்? அவருடைய பேத்தி ஐகோ அரியணை ஏற முடியுமா?

பதில்: 1947-இல் நடைமுறைக்கு வந்த அரச குடும்பச் சட்டத்தில், பேரரசர் உயிரோடிருக்கும்போதே விலகுவதற்கு வழியில்லை. உடல் தளர்வால் கடமைகளை முழுமையாக ஆற்ற இயலாமல் போகலாம் என்று 2016 ஆகஸ்டில், தம் 82-ஆம் வயதில், அவர் தொலைக்காட்சி வழியே கவலை தெரிவித்த பிறகு, அவருக்கு மட்டுமே பொருந்தும் சட்டத்தை 2017-இல் நாடாளுமன்றம் இயற்றியது. 2019 ஏப்ரல் 30 அன்று அவர் விலகினார். நிவாரண முகாம்களில் தரையில் மண்டியிட்டு அமர்ந்து, வீடிழந்தவர்களின் முகம் பார்த்துப் பேசிய அவருக்கு, பணிகளைக் குறைத்துக்கொண்டே பெயரளவில் நீடிப்பதில் உடன்பாடில்லை.

ஐகோ, இன்றைய பேரரசர் நருஹிதோவின் ஒரே மகள். ஆனால், ஆண்வழியில் பிறந்த ஆண்களுக்கே உரிமை என்பதால், அடுத்த வாரிசு நருஹிதோவின் தம்பி அகிஷினோ. அவருக்குப் பின் 2006-இல் பிறந்த அவர் மகன் ஹிசாஹிதோ. முற்காலத்தில் எட்டுப் பெண்கள் ஆண்ட அரியணை இது; இன்று பெண்ணுக்கு மறுக்கப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.