பிடியரிசி, மிசோரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையின் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள், அதை விற்ற பணத்தில் வெளி மாநிலங்களுக்கு மிஷன் ஊழியர்களை அனுப்புகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அதையே இங்கும் தொடங்க வேண்டும் என்று உற்சாகமாக இருக்கிறார்கள். எங்களுடையது 120 குடும்பங்கள் உள்ள சபை. ஆனால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். முன்பு எங்கள் ஊரிலேயே பிடியரிசிக் கலயம் வைத்திருந்தார்களாம், இரண்டு வருஷத்தில் நின்றுபோனதாம். அங்கே நூறு வருஷத்துக்கு மேல் நடப்பது இங்கே ஏன் நடக்கவில்லை? அவர்களுக்குப் பக்தி அதிகமா? பிரஸ்பிட்டேரியன் முறையில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா? எப்படி நடத்துகிறார்கள் என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர்,
நாங்குநேரி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

பக்தியை அளக்கும் படி என்னிடம் இல்லை. அரிசியை அளக்கலாம், அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பெண்ணின் கைப்பிடியில் 40 முதல் 50 கிராம் அரிசி வரும். இரண்டு வேளை உலை வைக்கும் வீட்டில் வாரத்துக்கு ஏறத்தாழ 600 கிராம் சேரும். உங்கள் 120 குடும்பங்களில் 80 குடும்பம் விடாமல் எடுத்து வைத்தால் வாரம் 48 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 1,920 ரூபாய். வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மாதக் கணக்கில் பார்த்தால் 8,000 சொச்சம். இதை வைத்து ஒரு சபை தனியாக ஒரு ஊழியரைக்கூட அனுப்ப முடியாது. மிசோரமிலும் ஒரு கிராமத்துச் சபை தன் அரிசியால் யாரையும் அனுப்பிவிடவில்லை. நூற்றுக்கணக்கான சபைகளின் அரிசிப் பணம் ஒரே இடத்துக்குப் போய், அங்கிருந்து சம்பளமாகத் திரும்புகிறது. பேச்சாளர்கள் பானையைப் பற்றி உருக்கமாகச் சொல்வார்கள். பானையிலிருந்து பணம் போகும் பாதையைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஊர்க் கலயம் உடைந்தது அந்தப் பாதையில்தான் என்று நினைக்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேய மிஷனரிகள் 1894 ஜனவரி 11 அன்று லுஷாய் மலைக்கு (இன்றைய மிசோரமின் அன்றைய பெயர்) வந்து சேர்ந்தார்கள். மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நாள் இன்றும் மிசோரமில் அரசு விடுமுறை. அவர்களுக்குப் பிறகு 1897இல் டி. இ. ஜோன்ஸ் என்ற மிஷனரி இன்றைய தலைநகரான ஐசாலுக்கு வந்தார். அவரை அனுப்பியது வேல்ஸ் நாட்டின் கால்வினிஸ்ட் மெதடிஸ்ட் சபை, அதாவது இன்றைய வேல்ஸ் பிரஸ்பிட்டேரியன் சபை. இன்றைய மேகாலயாவிலுள்ள காசி மலையில் அவர்களுடைய வேலை 1841இலேயே தொடங்கியிருந்தது. வயது வந்தவர்களும் உட்காரும் ஞாயிறு பள்ளி, சோல்ஃபா என்ற எழுத்து இசைக்குறியைப் பார்த்து நான்கு குரலில் பாடும் பழக்கம், மூப்பர்கள் கூடி முடிவெடுக்கும் ஆட்சி ஆகியவை வேல்ஸிலிருந்து வந்து மிசோரமில் வேர் பிடித்தவை.

பிடியரிசி வட மிசோரமில் தொடங்கியது 1910இல். அன்றைய மிசோ வீட்டில் ரொக்கம் அரிது. கூலி வேலைக்குப் போன ஆண் கையில் நாலு காசு இருந்திருக்கலாம். பெண் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடியது அரிசி ஒன்றுதான். காடு திருத்தி நெல் விதைப்பதிலும் களையெடுப்பதிலும் அவள் உழைப்பு இருந்தது, குத்துவதும் புடைப்பதும் அவள்தான். பெண்களிடையே ஊழியம் செய்த பைபிள் பெண்களைத் தாங்கவே அரிசி முதலில் சேர்க்கப்பட்டது. பெண்கள் தாங்கள் எடுத்து வைத்ததைக் கொண்டு பெண்களையே அனுப்பினார்கள் என்று சொல்லலாம். சில இடங்களில் விறகும் இப்படிச் சேர்ந்தது. காட்டிலிருந்து கட்டு சுமந்து வரும்போது ஒரு கட்டை சபைக்கு.

தொடங்கிய அடுத்த வருஷமே பஞ்சம் வந்தது. மலை முழுவதும் மூங்கில் ஒரே சமயத்தில் பூக்கும், காய்களைத் தின்று எலி பெருகும், காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் வயலில் இறங்கும். மவுதாம் என்பார்கள். ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1911–12, 1959–60, 2006–08 ஆகிய மூன்றையும் தாண்டி இந்த வழக்கம் வந்திருக்கிறது. 1966இல் தனிநாடு கோரி மிசோ கிளர்ச்சி வெடித்தது. அதைத் தொடர்ந்து 1968க்குள் வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வந்த பணத்தை நம்பிய சபை அந்த இடத்திலேயே படுத்திருக்கும். இங்கே வருமானம் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இனி முறைக்கு வருகிறேன். ஊர்ச்சபையை மூப்பர்கள் நடத்துகிறார்கள். அவர்களை ‘உபா’ என்பார்கள், சபையாரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள். பல ஊர்ச்சபைகளுக்கு ஒரு போதகர், நம் சேகரம் போல. சேகரங்களுக்கு மேல் பிரஸ்பிட்டரி என்ற வட்டார மன்றம், அதற்கு மேல் ஐசாலில் சினோடு என்ற தலைமை மன்றம். போதகருக்குச் சம்பளம் தருவதும் அவரை மாற்றுவதும் சினோடு. பணக்காரத் தெருவுக்கு வரும் போதகருக்கும் எல்லைக் கிராமத்துப் போதகருக்கும் படியளப்பது ஒரே கை. காணிக்கையும் தனித்தனித் தலைப்பில்தான் வாங்கப்படுகிறது. சினோடின் பொதுவேலைக்கு ஒன்று, மிஷன் ஊழியத்துக்கு ஒன்று, ஊர்ச்சபைச் செலவுக்கு ஒன்று. ஒரு தலைப்பின் பணத்தில் இன்னொன்றின் கூரையை வேய முடியாது. பிடியரிசிக்கும் அப்படித் தனிக் கணக்கு உண்டு.

கீழே அதைச் சேர்ப்பது ‘கோஹ்ரான் ஹ்மெய்ச்சியா’ என்ற பெண்கள் சங்கம். ஊர்ச்சபை சிறு வட்டங்களாகப் பிரிந்திருக்கும். அந்தந்த வட்டத்துப் பெண்கள் முறைபோட்டு வீடு வீடாகப் போய், பாத்திரத்தில் சேர்ந்ததை அளந்து வாங்கி, சபையாருக்கே விற்றுப் பணமாக்குவார்கள். இந்தச் சுற்று நின்றால் எல்லாம் நிற்கும். இரண்டு வாரம் யாரும் வராத வீட்டில் பாத்திரம் நிரம்பும். விருந்தாளி வந்த ஒரு நாள் அதிலிருந்து உலைக்குப் போகும், பிறகு அது வெறும் அரிசிப் பாத்திரம்தான்.

பிரஸ்பிட்டேரியன் முறைக்கே உரிய விசேஷமா என்று கேட்டீர்கள். தெற்கு மிசோரமில் பாப்டிஸ்ட் சபையும் இதே பிடியரிசியைச் சேர்க்கிறது. அவர்கள் பெயரில் பாப்டிஸ்ட் என்றாலும் ஊர்ச்சபை தன்னந்தனியாக நிற்கும் ஆட்சி அங்கே இல்லை, மையத்தோடு கட்டுண்டதுதான். ஆக, சபைப் பிரிவின் பெயரைவிட, மையத்தில் ஒரு பொது நிதி இருப்பதும் கீழே அக்கம்பக்கத்தார் வட்டம் இருப்பதும்தான் முக்கியம். உங்கள் திருமண்டலத்துக்கும், அதாவது பேராயரின் ஆட்சிப் பகுதிக்கும், சேகரமும் மையமும் உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியவர்கள் திருநெல்வேலிச் சபையார். மிசோக்களிடமிருந்து கடன் வாங்கும் நிலையில் நீங்கள் இல்லை.

மிசோரம் முறையில் குறை இல்லாமல் இல்லை. பிடியரிசியைச் சுமக்கும் பெண்களுக்குப் போதகர் பட்டத்தையோ மூப்பர் இடத்தையோ கொடுக்கச் சினோடு நீண்ட காலமாக மறுத்தே வந்திருக்கிறது. அரிசியை அளப்பவர் ஒருவர், அதன் செலவை முடிவு செய்பவர் இன்னொருவர். இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து நகல் எடுக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் செய்வதென்றால் பானை வாங்குமுன் சுற்றுக்கு ஆள் பிடியுங்கள். 120 வீட்டைப் பன்னிரண்டு பன்னிரண்டு வீடாகப் பிரித்தால் பத்து வட்டம் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெண்கள், ஒருத்திக்கு முடியாத வாரம் மற்றவள் போவாள். இருபது பேர் பெயர் கொடுக்கும்வரை தொடங்காதீர்கள். கிழமையை மாற்றக்கூடாது. சனிக்கிழமை மாலை நல்லது, ஞாயிறு ஆராதனையில் கணக்கு வாசிக்கலாம். வாசிக்கும்போது வட்டத்தின் மொத்தத்தை மட்டும் சொல்லுங்கள். வீட்டுப் பெயரும் கிராமும் பலகையில் ஏறிய அன்றே சண்டையும் ஏறும். இல்லாதவர் வெட்கப்பட்டுக் கடையில் வாங்கிக் கொடுப்பார், இருப்பவர் பக்கத்து வீட்டைவிடப் பத்து கிராம் கூட்டிக் கொடுத்து நிறுத்திக்கொள்வார்.

அரிசியைக் களையுமுன், உலர்ந்த கையால் எடுக்கச் சொல்லுங்கள். ஈரக் கை பட்டால் கட்டி பிடித்து நாலாம் நாள் புழுங்கிய வாடை வரும். வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவதெல்லாம் சரி, ஆனால் வாரத்துக்கு வாரம் காலியாகும் பாத்திரத்தில் வண்டு வைக்க நேரமே கிடைக்காது. சுற்றுக்குப் போகிறவர்கள் இரண்டு பை கொண்டுபோக வேண்டும், புழுங்கலுக்கு ஒன்று, பச்சரிசிக்கு ஒன்று. இதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். கலந்த அரிசியை வேகவைத்தால் பச்சரிசி குழையும்போது புழுங்கல் வேகாமல் விறைப்பாக நிற்கும், யாரும் வாங்க மாட்டார்கள். கடைசியில் பாதி விலைக்குக் கோழித்தீவனமாகப் போகும். கலந்தே விட்டால் இட்லி மாவு ஆட்டி விற்பவருக்குக் கொடுத்துவிடலாம்.

மிசோரமில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தர முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் அரிசி இலவசம். பிடியில் பாதி அதுதான் வரும். ரேஷன் அரிசியை வாங்கி விற்பது குற்றம், சபையின் பெயரில் மூட்டை பிடிபட்டால் வழக்கும் சபையின் பெயரில்தான். ஆகவே அதற்கு மூன்றாவது பை வேண்டும், அதை விற்கவே கூடாது. சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கோ, சேகரத்தில் விடுதியோ முதியோர் இல்லமோ இருந்தால் அதன் சமையலுக்கோ கொடுத்து, எத்தனை கிலோ என்று மட்டும் பதிவேட்டில் எழுதுங்கள். காசாகத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் வீட்டுக்கும் வாராவாரம் போகத்தான் வேண்டும். மாதக் கவருக்கு மாறியவர் மூன்றாம் மாதம் மறப்பார்.

பணத்தைப் பொறுத்தவரை, ஐக்கிய சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பெண்கள் கையெழுத்து. யாருக்கு, எந்த ஊழியத்துக்கு என்பதை முதல் பிடி விழுமுன்பே எழுதிச் சபையில் வாசியுங்கள். கோயில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கணும், இந்த ஒரு தடவை என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 8,000 ரூபாயில் தனி ஊழியர் வைக்க ஆசைப்படாமல், சேகரத்திலுள்ள மற்ற சபைகளும் சேரும்வரை இந்திய மிஷனரி சங்கத்தில் ஓர் ஊழியரின் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளலாம். மாதாமாதம் ரசீது வரும், அதை ஞாயிற்றுக்கிழமை அரிசிக் கணக்கோடு சேர்த்து வாசித்துவிடுங்கள்.