கர்ப்பப்பைக் கட்டி நுரையீரலுக்குப் போகுமா?

கேள்வி: அக்காவுக்கு 46 வயசுங்க. எட்டு வருசத்துக்கு முன்னாடி ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இப்போ பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு எக்ஸ்ரே எடுத்தப்ப, ரெண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாப் புள்ளி தெரியுது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. ஊசி பயாப்ஸியில் 'மென்தசைக் கட்டி, ஐ.எச்.சி. தேவை'னு எழுதியிருக்காங்க. ரொம்ப வருசம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவங்க. பஞ்சால் வந்ததுங்களா? புற்றுநோய்ங்களா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பஞ்சு காரணமில்லை. பஞ்சுத்தூசி மூச்சுக்குழாயைச் சுருக்கும். விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும். உருண்டைக் கட்டிகளை அது உண்டாக்காது.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி ஃபைப்ராய்டு ஆபரேஷன்தான். ஃபைப்ராய்டும் மென்தசைக் கட்டியே (மென்தசை என்பது கர்ப்பப்பை, குடல் போன்றவற்றின் சுவரில் உள்ள தசை). அபூர்வமாக, ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து அதே திசு நுரையீரலில் முளைத்துக் கிடக்கும். 'பினைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமா', அதாவது புற்றுநோய் அல்லாத, ஆனால் பரவும் மென்தசைக் கட்டி என்று இதற்குப் பெயர். தொந்தரவே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் சிக்குவது இதன் வழக்கம். சி.டி.யில் ஓரம் தெளிவான, பெரும்பாலும் சுண்ணாம்பு படியாத உருண்டைகளாகத் தெரியும்.

ஆனால் கர்ப்பப்பையிலிருந்து பரவிய லியோமயோசர்கோமா என்ற புற்றுநோயும் இதே மாதிரி தோன்றலாம். அதைப் பிரிக்கத்தான் ஐ.எச்.சி., அதாவது திசுத்துண்டில் குறிப்பிட்ட புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. ரிப்போர்ட் வந்ததும் இவற்றைப் பாருங்கள். எஸ்.எம்.ஏ., டெஸ்மின், கால்டெஸ்மான் என்ற தசைப் புரதங்கள் பாசிட்டிவ் என்றால் மென்தசை என்பது உறுதியாகும். எச்.எம்.பி.-45 என்ற சாயம் நெகட்டிவாக இருக்க வேண்டும், பாசிட்டிவானால் எல்.ஏ.எம். என்ற வேறு நோயை யோசிக்க வேண்டும், அதில் சி.டி.யில் மெல்லிய சுவருள்ள காற்றுப்பைகள் நுரையீரல் முழுக்க இருக்கும். ஈ.ஆர்., பி.ஆர். என்ற பெண் ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ் என்றால் கர்ப்பப்பையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மட்டும் வைத்து 'சாதாரணக் கட்டி' என்று நிம்மதி அடையக் கூடாது, கர்ப்பப்பை சர்கோமாவிலும் இவை பாசிட்டிவ் ஆகும். செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 குறைவாக இருப்பது நல்ல அறிகுறி.

நுரையீரல் செல்களுக்கான சாயமான டி.டி.எஃப்.-1 பாசிட்டிவ் என்று பார்த்து, நுரையீரல் புற்றுநோயோ என்று பதறுவோரும் உண்டு. கட்டி வளரும்போது நுரையீரலின் சொந்த செல்களை நடுவே சிறைபிடித்துக்கொள்ளும். சாயம் ஏறுவது அவற்றில்தான். கதிர் வடிவத் தசைச் செல்களில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

ஊசியில் வரும் நூல் போன்ற துண்டுக்கு ஒரு குறை உண்டு. புற்றுநோயா என்று அறிய, மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் 10 புலங்களில் செல் பிளவுகளை எண்ண வேண்டும். அத்தனை பரப்பு அதில் கிடைக்காமல் போகலாம். புற்றுநோய்ச் சந்தேகத்தைக் கூட்டும் செத்த திசு ஊசி படாத இடத்தில் இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் சாவித்துளை ஆபரேஷனில் ஒரு கட்டியை முழுதாக எடுத்துப் பார்ப்பதே சரி.

அதற்கு முன் பழைய கர்ப்பப்பை ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் தேடுங்கள். அன்றைய ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணைச் சொல்லி, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரி லேபில் கேளுங்கள். ரெண்டு கட்டியையும் ஒரே பேத்தாலஜிஸ்ட் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை. கோவைக்கு எடுத்துப்போகும்போது பிளாக்கை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். மெழுகு சுமார் 56 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும்.

கேள்வி: எக்ஸ்ரேயைப் பார்த்து அம்மாவுக்கு டி.பி. மாத்திரை கொடுத்தாங்க. ஆறு மாசம் முடிஞ்சும் கட்டி அப்படியே இருக்குது. இப்போ பயாப்ஸிங்கறாங்க. நுரையீரல் சுருங்கிப் போகுமோன்னு பயமா இருக்குங்க.
— வாசகர், தாராபுரம்

பதில்: செய்துவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பொதுவாக ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குள்ளும் பிளேட்லெட் 50,000-க்கு மேலும் இருக்க வேண்டும். சி.டி. பார்த்தபடி 18 அல்லது 20 கேஜ் ஊசியில் துண்டு எடுப்பார்கள். உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. மென்தசைக் கட்டி போன்றவற்றுக்குப் போதாது. குத்திய இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்குவது உண்டுதான். கொஞ்சமாகக் கசிந்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதிகமானால் குழாய் போடுவார்கள். வீடு திரும்பியபின் திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொன்று சலைனில். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், டி.பி. கல்ச்சர் செய்ய முடியாது.

கேள்வி: நுரையீரலில் இந்த மென்தசைக் கட்டி உறுதியானால் சினைப்பையையும் எடுக்கணுங்களா?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: எல்லோருக்கும் இல்லை. சாதாரண வகை ஹார்மோனைத் தின்று வளர்வது. மாதவிடாய் நின்றபின் சிலருக்குச் சுருங்குவதும் உண்டு. வளராமல் இருந்தால் குறித்த இடைவெளியில் சி.டி. எடுத்துக் கவனித்தாலே போதும். வளர்ந்தால் ஹார்மோனை அடக்கும் ஊசி, மாத்திரை, சினைப்பை நீக்கம் என்று வயதைப் பார்த்து முடிவு செய்வார்கள். மாதவிடாய் நிற்கும்போது வரும் உடல் சூட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதினால், நுரையீரல் கட்டி விஷயத்தை அந்த டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.