தையல்காரரின் கண்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தில் சிறுகதை எழுதிப் பழகிவருகிறேன். ஒரு கதையில் அறுபது வயதுத் தையல்காரர் வருகிறார், திருப்பூரில் கடை. ‘அவருக்கு ட்வென்ட்டி ட்வென்ட்டி விஷன், கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோப்பார்’ என்று எழுதியிருந்தேன். இது பொருந்தாது என்கிறாள் தோழி. குறையே இல்லாத கண் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொல்வது சரி. தூரத்தில் இருப்பது எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதற்கான அளவுதான் அது. 1862-இல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் உருவாக்கிய எழுத்து அட்டையிலிருந்து வந்தது. சாதாரணக் கண் 20 அடியில் படிக்கிற வரியை நீங்களும் 20 அடியில் படித்தால் 20/20. மற்றவர்கள் 40 அடியிலிருந்தே படிப்பதற்கு நீங்கள் 20 அடிக்கு வரவேண்டியிருந்தால் 20/40. இதைப் ‘பாதிப் பார்வை’ என்று எழுதிவிடாதீர்கள், அது சதவீதக் கணக்கு அல்ல. 20/20 உச்சமும் அல்ல. இளவயதில் பலர் அதற்கு அடுத்த வரியையும் படித்துவிடுவார்கள். நிறம், பக்கவாட்டுப் பார்வை எதையும் அந்த அட்டை சோதிப்பதில்லை. பார்வை நரம்பு பழுதாகும் க்ளாக்கோமா நோயில் ஓரப் பார்வை போய், வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறவர்கூட அந்த வரியைத் தடுமாறாமல் படிக்கக்கூடும்.

ஊசிக்கு வருவோம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. கண்ணின் லென்ஸ் இறுகி, அருகில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைந்துகொண்டே போகும். அறுபதில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. தெருமுனையில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுகிற உங்கள் தையல்காரர், ஊசியைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துத் திணறத்தான் செய்வார்.

ஆனால் அந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள். அவருக்கு மைனஸ் 3 பவர் கொடுங்கள், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை. வாடிக்கையாளர் முகம் பார்க்கக் கண்ணாடி போட்டிருப்பார், நூல் கோக்கும்போது அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். மைனஸ் 3 உள்ள கண்ணுக்குச் சுமார் 33 செ.மீ. தூரத்தில் கண்ணாடியே தேவையில்லை. ஊசியை வைத்துக்கொண்டு குனிந்திருப்பவருக்குக் கண்ணுக்கும் கைக்கும் நடுவே அவ்வளவு தூரம்தான் இருக்கும். எனக்கு இந்தத் தையல்காரரைத்தான் அதிகம் பிடிக்கிறது. பல வருடத் தொழில் அந்த ஒரு கையசைவில் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், 20/20 என்பது அமெரிக்க வழக்கம். நம்மூர்க் கண் மருத்துவமனைச் சீட்டில் மீட்டர் கணக்கில் 6/6 என்றுதான் எழுதுவார்கள். திருப்பூர்க்காரர் வாயில் ‘சிக்ஸ் பை சிக்ஸ்’ வரட்டும். ‘ஹைண்ட்சைட் இஸ் ட்வென்ட்டி ட்வென்ட்டி’ போன்ற மரபுத்தொடரில் மட்டும் கைவைக்க வேண்டாம். நடந்து முடிந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்ற பொருளில் அது அப்படியே நிலைத்துவிட்டது.

திருத்திய கதையை அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்