நட்ட பெருவள்ளி ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: பெருவள்ளிக் கிழங்கை அறுவடை செய்த ஒரு மாதத்திலேயே துண்டுபோட்டு நட்டேன். 50 நாளாகியும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தேன், சில துண்டுகள் கெட்டியாக இருக்கின்றன, சில அழுகிவிட்டன. விதைக்கிழங்கில் பழுதா?

பதில்: விதைக்கிழங்கில் பழுதில்லை, நட்ட காலம்தான் முந்திவிட்டது. கொடி காய்ந்து கிழங்கு முற்றியபின் 2 முதல் 4 மாதம் வரை வள்ளிக்கிழங்கு (ஆங்கிலத்தில் யாம்; சர்க்கரைவள்ளியோ மரவள்ளியோ அல்ல) முளைவிடாமல் உறங்கும். அதற்குள் நீர் ஊற்றினாலும் எழாது. ஈரத்தில் கிடக்கும் வெட்டுவாய்தான் அழுகும். உருளைக்கிழங்கை முளைக்க வைக்கும் ஜிப்ரலிக் அமிலத்தைத் தெளிக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வள்ளியில் அது உறக்கத்தை இன்னும் நீட்டிவிடும்.

கெட்டியான துண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பசையோடு சதை நிறம் மாறாமல் இருந்தால் உயிர் இருக்கிறது. அப்படியே மூடிவிடுங்கள், மறுபடி தோண்ட வேண்டாம். அழுகியதை மட்டும் எடுத்து எறியுங்கள்.

அடுத்த முறை வெட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல் வள்ளிக்குக் கண் கிடையாது. தோலை ஒட்டிய மெல்லிய அடுக்கிலிருந்துதான் முளை புதிதாக உருவாகிறது. முதலில் தோலுக்கடியில் வெளிறிய சிறு கொப்புளம்போல் புடைக்கும், பிறகு தோலைப் பிளந்துகொண்டு வரும். ஆகவே தோலில்லாத நடுச்சதை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. கொடி ஒட்டியிருந்த தலைப்பகுதி முதலில் முளைக்கும், நடுப்பகுதி அடுத்து, வால்பகுதி கடைசியாக. மூன்றையும் கலந்து நட்டால் பாத்தி மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். தனித்தனியாக நடுங்கள்.

துண்டு 200 முதல் 300 கிராம் இருக்கட்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வள்ளியின் தளிர் இலை விரிக்குமுன்பே வெறும் தண்டாக நெடுந்தூரம் ஓடும். அதுவரை அதற்குச் சோறு அந்தத் துண்டுதான். வள்ளி இனக் கிழங்குகளே முக்கிய உணவாக இருக்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் (உலக விளைச்சலில் பாதிக்கு மேல் நைஜீரியாவில் மட்டுமே விளைகிறது) 25 முதல் 50 கிராம் துண்டுகளையும் நடுகிறார்கள். ஆனால் அது விதைக்கிழங்கைப் பெருக்குவதற்கான முறை. சமையலுக்குப் பெரிய கிழங்கு வேண்டுமென்றால் அது உதவாது.

வெட்டுவாயில் மரச்சாம்பல் தடவி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, மண்ணை மேடாக அணைத்து நடுங்கள். மிச்சக் கிழங்கைக் காற்றோட்டமான நிழலில் பரப்பி வையுங்கள். குளிர்பதனப் பெட்டி ஆகாது: 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்சதை பழுப்பேறிக் கெட்டுவிடும்.

கொடி படரும் கம்பை இப்போதே ஊன்றிவிடுங்கள். வள்ளியின் வேர் மேல்மண்ணிலேயே பரவும்; முளைத்த பிறகு குத்தினால் அறுபட்டுவிடும்.